இரண்டாம் தடவை கேட்ட கேள்வி

எங்கள் வீட்டில் புளியங்கொட்டைக்குப் பஞ்சமே இல்லை. 'எங்கள் வீடு' என்று வாய்ப்பழக்கத்தில் சொல்கிறேன், வீடு ஆச்சியுடையது. கானாடுகாத்தானில், ஒரு தெருவில் வாசல் வைத்து அடுத்த தெருவில் பின்கதவு வைத்துக் கட்டிய வீடு. நடுமுற்றமான வளவைச் சுற்றிப் புள்ளிக்கு ஓர் அறை; கல்யாணமான ஒரு குடும்பம் ஒரு புள்ளி. அறைக்காரர்கள் சென்னையிலும் கோலாலம்பூரிலும் இருக்கிறார்கள், அறைகள் பூட்டிக் கிடக்கின்றன. சாவிக்கொத்து முன்பு மாமனாரிடம் இருந்தது, இப்போது அத்தையின் இடுப்பில் இருக்கிறது. வீட்டின் பின்பகுதியான கடைசிக் கட்டில் இரண்டு அறைகளில் நாங்கள் குடியிருந்து பெருக்கித் துடைத்துக் காவல் பார்க்கிறோம். தோட்டத்துப் புளியமரம் காய்த்தால் புளி பங்காளிகளுக்குப் போகும். கொட்டை எங்களுக்கு.

அந்தக் கொட்டைகளில் பன்னிரண்டை எடுத்துக்கொண்டு போன ஆடியில் வளவுத் தரையில் உட்கார்ந்தேன். தொலைநிலைக் கல்வியில் உளவியல் முதுகலை படிக்கிறேன். முப்பத்து நான்கு வயதில் எதற்கு இந்தப் படிப்பு என்று ஊரில் கேட்காதவர்கள் குறைவு. மாலையில் முகப்புத் திண்ணையில் ஒன்பது பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன், அவர்கள் மண்டைக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசை என்று சொன்னால் சிரிப்பார்கள். சம்பளம் கூடும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். முதலாண்டில் ஒரு பதிவேடு எழுத வேண்டும்: குழந்தைகளை உற்றுநோக்கி, சோதனை, குழந்தையின் பதில், முடிவு என்று மூன்று கட்டங்களில் நிரப்ப வேண்டும். குழந்தைக்கு எங்கே போவது? பெரியவன் மூன்றாம் வகுப்பு. சின்னவளுக்கு அப்போது நான்கே முக்கால் வயது. குழந்தைகள் யோசிக்கிற விதத்தை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜேகூடத் தன் மூன்று பிள்ளைகளைத்தானே வைத்துப் பார்த்தார் என்று எனக்கு நானே தைரியம் சொல்லிக்கொண்டேன்.

பியாஜேயை எனக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம் அவருடைய கொள்கை அல்ல, அவர் அதற்குள் வந்து விழுந்த விதம். 1896-இல் சுவிட்சர்லாந்தில் பிறந்தவர். பத்துப் பதினோரு வயதில் வெள்ளைச் சிட்டுக்குருவி ஒன்றைப் பற்றிக் கட்டுரை எழுதியவர், முனைவர் பட்டம் வாங்கியது நத்தை, சிப்பி வகைகளை ஆராய்ந்து. 1920 வாக்கில் பாரிஸில் அவருக்குக் கொடுத்த வேலை மிகச் சலிப்பானது: ஆங்கிலத்தில் இருந்த அறிவுத்திறன் தேர்வு ஒன்றைப் பிரெஞ்சுக் குழந்தைகளுக்குக் கொடுத்து எத்தனை சரி, எத்தனை தவறு என்று எண்ணுவது. அவருக்குச் சரியான பதில்களில் சுவை தட்டவில்லை. ஒரே வயதுக் குழந்தைகள் ஒரே மாதிரித் தவறு செய்கிறார்களே, அது எப்படி என்று உட்கார்ந்துவிட்டார். தவறான பதிலை அடித்துவிட்டு நகராமல், ஏன் அப்படிச் சொன்னாய் என்று குழந்தையிடமே கேட்டார். சிவப்புப் பேனாவைக் கையில் பிடித்தபடி இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் கூசியது.

முதலில் தண்ணீர்ச் சோதனை. ஒரே மாதிரி இரண்டு கிளாஸில் ஒரே அளவு தண்ணீர் ஊற்றி, இரண்டும் சமம் என்று குழந்தையை ஒப்புக்கொள்ள வைக்க வேண்டும். பிறகு ஒன்றை ஒல்லியான உயரமான பாத்திரத்தில் மாற்றி ஊற்றி, இப்போது எதில் அதிகம் என்று கேட்க வேண்டும். ஏழு வயதுக்கு முன் பெரும்பாலான குழந்தைகள் உயரமானதைக் காட்டுவார்கள் என்கிறார் பியாஜே. உருவம் மாறினாலும் அளவு மாறாது என்பது அவர்களுக்கு இன்னும் பிடிபடவில்லையாம். கேட்க எளிதாக இருக்கிறது. செட்டிநாட்டில் செய்யப் போனால்தான் தெரிகிறது, அடுப்படி முழுக்க எவர்சில்வரும் பித்தளையும்; உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று பெரியவர்களுக்கே தெரியாது. கடைசியில் இரண்டு ஊறுகாய்ப் பாட்டில்களும் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலும் தேறின. வெறும் தண்ணீர் கண்ணுக்குத் தெரியவில்லை என்று நன்னாரி சர்பத் கலந்தேன். எது அதிகம் என்றதும் சின்னவள் ஒரு நொடிகூட யோசிக்காமல் உயரமானதை எடுத்துக் குடித்துவிட்டாள். குழந்தை சோதனைப் பொருளைக் குடித்துவிட்டால் என்ன எழுதுவது என்று பதிவேட்டில் குறிப்பு எதுவும் இல்லை.

அதனால்தான் புளியங்கொட்டைக்கு வந்தேன். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை இதற்கென்றே போட்டதுபோல் இருந்தது. என் கணவர் அந்தக் கல் செய்கிற பட்டறையில்தான் வேலை பார்க்கிறார். கண்ணாடியில் சாயம் ஊற்றுகிற கை. ஒரு வரிசைக் கற்களில் கல்லுக்கு ஒன்றாக ஆறு கொட்டை, அடுத்த வரிசையில் எதிரெதிரே ஆறு.

"இரண்டு வரிசையும் ஒன்றா, இல்லை ஒன்றில் அதிகமா?"

"ஒன்று."

கீழ் வரிசையை நகர்த்தி, ஒரு கல் விட்டு ஒரு கல் வைத்து நீட்டினேன். "இப்போது?"

என் முகத்தைப் பார்த்தாள், கொட்டையைப் பார்த்தாள், மறுபடி என் முகத்தைப் பார்த்தாள். "இதில் அதிகம்" என்று நீண்ட வரிசையைக் காட்டினாள்.

புத்தகத்தில் இருப்பது வீட்டில் நடந்துவிட்டால் வருகிற சந்தோஷம் இருக்கிறதே! 'முடிவு' கட்டத்தில் அழகான கையெழுத்தில் எழுதினேன்: எண்ணிக்கை மாறாது என்ற அறிவு இன்னும் வரவில்லை.

தூணில் சாய்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அத்தை அதுவரை வாயே திறக்கவில்லை. "பிள்ளை முதலிலேயே ஒன்று என்று சொல்லிவிட்டதே, மறுபடி ஏன் அதையே கேட்டாய்?" என்றார். சோதனையே அப்படித்தான் அத்தை என்றேன். "நீ மறுபடி கேட்டால் முதலில் சொன்னது தப்பு என்று பிள்ளை நினைக்காதா? கண்ணெதிரே நீயே நகர்த்தி வைக்கிறாய். சும்மா நகர்த்துவாளா அம்மா, என்னமோ மாறியிருக்கிறது என்றுதான் நினைக்கும்." வெங்காயத் தோலை ஊதிவிட்டு எழுந்து போய்விட்டார். அத்தை ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர்.

எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு வாரம் கழித்து, பாடத்துக்கு வெளியே தேடிப் படித்தபோது கோபம் போய் வேறொன்று வந்தது. சூசன் ரோஸ், மேரியன் பிளாங்க் என்று இரண்டு பெண்கள். 1974-இல், ஆறு வயதுக் குழந்தைகளிடம் இதே சோதனையைச் செய்தவர்கள். அவர்கள் செய்த மாற்றம் ஒன்றே ஒன்று: வரிசையை நீட்டுவதற்கு முன் கேட்கிற கேள்வியை எடுத்துவிட்டார்கள். குழந்தை பார்க்கிறது, வரிசையை மாற்றுகிறார்கள், பிறகு ஒரே ஒரு தடவை கேட்கிறார்கள். தவறுகள் குறைந்தன. அத்தை தூணில் சாய்ந்தபடி சொன்னதும் அதுதான்.

அதே காலத்தில் ஸ்காட்லாந்தில் மார்கரெட் டொனால்ட்சனும் ஜேம்ஸ் மெக்காரிகிளும் இன்னொரு வழி பார்த்தார்கள். பெரியவர் கையால் வரிசையைக் கலைக்காமல், ஒரு சேட்டைக்காரக் கரடிப் பொம்மை பெட்டியிலிருந்து தப்பி வந்து தட்டிவிடுவதுபோல் ஆடினார்கள். பெரியவர் நகர்த்தியபோது தடுமாறிய குழந்தைகளில் பலர், கரடி கலைத்தபோது இரண்டும் ஒன்றுதான் என்று சரியாகச் சொன்னார்கள். கரடி விளையாட்டுக்குக் கலைத்தது, அதில் பொருள் தேட வேண்டியதில்லை. பெரியவர் கலைத்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். குழந்தை கேள்விக்கு மட்டும் பதில் சொல்வதில்லை, கேட்கிற ஆளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறது.

எங்களிடம் கரடி இல்லை. சின்னவளிடம் ஒரு மரப்பாச்சி இருக்கிறது, ஆச்சி வீட்டு அலமாரியிலிருந்து வந்தது. மூக்கு தேய்ந்து, முகம் வழவழவென்று போய்விட்ட ஒன்று. ஒரு மாதம் இடைவெளி விட்டேன், சின்னவள் பழையதை மறந்திருப்பாள் என்ற நம்பிக்கையில். மறுபடி ஆறுக்கு ஆறு. மரப்பாச்சி தூணுக்குப் பின்னாலிருந்து ஓடி வந்து ஒரு வரிசையைச் சிதறடித்தது. சின்னவள் விழுந்து விழுந்து சிரித்தாள். இப்போது எது அதிகம் என்றதும், இதென்ன கேள்வி என்பதுபோல, "ஒன்றுதானே! அது சும்மா தள்ளிவிட்டது" என்றாள்.

அத்தோடு நிறுத்தியிருந்தால் நல்ல கதையாக இருந்திருக்கும். பொம்மையின் சேட்டையிலேயே குழந்தையின் கவனம் போய்விடுகிறது, கொட்டையைப் பார்க்காமலே 'ஒன்று' என்று சொல்லியிருக்கலாம் என்று அந்த ஆய்வை மறுத்தவர்களும் இருக்கிறார்கள் என்று படித்துத் தொலைத்தேன். சரி, அதையும் பார்த்துவிடுவோம் என்று அடுத்த நாள் மரப்பாச்சி ஓடி வந்தபோது அதன் அடியில் ஒரு கொட்டையை அமுக்கிக்கொண்டேன். இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் ஐந்து. சின்னவள் அதே சிரிப்போடு "ஒன்றுதான்" என்றாள். எண்ணிப் பார்க்கவே இல்லை. ஆக அவளுக்குத் தெரியுமா, தெரியாதா? பதிவேட்டில் அந்தப் பக்கம் முழுக்க அடித்தல் திருத்தல். மதிப்பெண் குறையும் என்று தெரிந்தும் கிழிக்கவில்லை.

ஒளித்துவைக்கிற சோதனையும் ஒன்று செய்தேன், 1983-இல் ஹைன்ஸ் விம்மரும் யோசெஃப் பெர்னரும் சாக்லேட்டை வைத்துச் செய்தது. அண்ணன் தேன்குழலைத் தூக்குச்சட்டியில் வைத்துவிட்டு வெளியே போகிறான். அவன் இல்லாதபோது அம்மா அதைப் பானைக்கு மாற்றுகிறாள். அண்ணன் திரும்பி வந்தால் எதில் தேடுவான்? சின்னக் குழந்தைகள், தங்களுக்குத் தெரிந்தது அவனுக்கும் தெரியும் என்று நினைத்துப் பானை என்பார்கள். நான்கு வயதையொட்டித்தான் இது மாறத் தொடங்கும். சின்னவளும் பானை என்றாள். ஏன் என்று கேட்டேன். "அண்ணன் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பான்" என்றாள். நியாயம்தான். முகப்பில் நின்றால் வரிசையாக எல்லாக் கதவுகளும் ஒரே நேர்க்கோட்டில் பின்வாசல் வரை தெரிகிற வீட்டில் வளர்கிற பிள்ளையிடம் போய் இந்தக் கேள்வியைக் கேட்டது என் தவறு.

அத்தையின் சொல் திண்ணை வரை வந்து என்னைத் தொந்தரவு செய்தது. டியூஷனில் என் வாயில் அடிக்கடி வருகிற வாக்கியம் எது என்று ஒருநாள் கவனித்தேன். "நன்றாக யோசித்துச் சொல்." பதில் தவறாக இருந்தால் மட்டும்தான் அதைச் சொல்கிறேன். சரியாக இருந்தால் அடுத்த ஆளுக்குப் போய்விடுகிறேன். வேண்டுமென்றே ஒரு சாயங்காலம், சரியான பதிலுக்கும் அதைச் சொல்லிப் பார்த்தேன். ஏழெட்டு எவ்வளவு? ஐம்பத்தாறு. நன்றாக யோசித்துச் சொல். ஐம்பத்து நான்கு! ஒன்பது பேரில் ஆறு பேர் சரியான பதிலைக் கைவிட்டார்கள். கணக்கு தெரியாமல் அல்ல, என்னைத் தெரிந்ததால். ஒரே ஒரு பெண், இரண்டாம் வகுப்பு, தலையைக் கூடத் தூக்காமல் மறுபடியும் ஐம்பத்தாறு என்றாள். அவள் அம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்தால் 'இது யார் சொன்னாலும் கேட்காது' என்றுதான் புகார் சொல்வார்.

அந்த ஒன்பது பேரில் நுங்கு விற்கிற வீட்டுப் பையன் ஒருவன். பத்து வயது. ஐந்தாம் வகுப்பு நோட்டில் பெருக்கல் என்றாலே வியர்த்துப்போவான். சித்திரை வெயிலில் சாலையோரம் அவன் அப்பாவுக்குத் துணையாக நிற்கும்போது பார்த்திருக்கிறேன்: ஏழு ரூபாய் வீதம் பன்னிரண்டு நுங்கு, இருநூறு ரூபாய்த் தாளுக்கு மீதி என்ன என்பதைக் கார் கண்ணாடி இறங்கி முடிவதற்குள் சொல்லிவிடுவான். பத்துக்கு எழுபது, இரண்டுக்குப் பதினான்கு, நூற்றுப் பதினாறு மீதி. நோட்டில் அதையே மேலும் கீழுமாக எழுதிப் பெருக்கச் சொன்னால் எழுநூற்றுப் பதினான்கு என்று எழுதி வைப்பான், அதில் ஒரு சந்தேகமும் வராது அவனுக்கு.

பிரேசிலில் ரெசிஃபி நகரத்துத் தெருவில் விற்கிற பிள்ளைகளிடம் இதைத்தான் பார்த்திருக்கிறார்கள். டெரெசின்ஹா கராஹெர், டேவிட் கராஹெர், அனலூசியா ஷ்லீமன் மூவரும் 1985-இல் வெளியிட்டது. ஐந்தே பிள்ளைகள், ஒன்பது முதல் பதினைந்து வயது வரை. சாமான் வாங்குகிறவர்கள்போல் போய்க் கேட்டபோது 98 விழுக்காடு சரி. அதே கணக்கைக் கதைக் கணக்காகக் கொடுத்தால் 74. வெறும் எண்களாகக் கொடுத்தால் 37. ஒரு தேங்காய் 35, பத்துத் தேங்காய் எவ்வளவு என்றதற்கு ஒரு பையன், மூன்றுக்கு 105, இன்னும் மூன்றுக்கு 210 என்று ஏறி ஏறி 350-க்கு வந்தானாம். பத்தால் பெருக்கினால் ஒரு பூஜ்யம் சேர்த்தால் போதும் என்பது அவனுக்குத் தேவைப்படவே இல்லை. நான் இதைப் படித்த அன்று நுங்குக்காரப் பையனை நோட்டை மூடிவைக்கச் சொல்லிவிட்டு, இருபது நிமிடம் அவனிடம் விலை பேசினேன். பேரம் பேசுவதிலும் கெட்டிக்காரன். என்னால்தான் ஒரு ரூபாய்கூடக் குறைக்க முடியவில்லை.

மார்கழியில் பிள்ளையார் நோன்புக்கு இழை எடுத்துக்கொள்ள ஆச்சி ஊருக்கு வந்திருந்தார். எண்பத்திரண்டு வயது. வந்தால் வளவில் ஒரு பாய் போட்டு உட்கார்ந்து எல்லோரையும் விசாரிப்பார். என் படிப்பையும் விசாரித்தார். "பிள்ளைகள் எப்படி யோசிக்கிறார்கள் என்று படிக்கிறேன் ஆச்சி" என்றதும், "எங்கள் ஐயாவுக்கு அதெல்லாம் படிக்க நேரமில்லை ஆத்தா, பன்னிரண்டு வயதில் ரங்கூன் கடையில் பெட்டியடிப் பையனாகப் போய்விட்டார்கள்" என்றார். போவதற்கு முன் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடி முழுக்க மனப்பாடமாம். மாகாணி, அரைக்கால், கால் என்று பின்னக் கணக்கு அத்தனையும். ஆச்சிக்கும் கொஞ்சம் நினைவிருந்தது; பாட்டு மாதிரி இழுத்துச் சொன்னார்.

என் பதிவேடு அப்போது முடிகிற நிலையில் இருந்தது. இந்த மனப்பாடத்தால் என்ன புரியும் என்று எனக்குள் ஓர் இளக்காரம். ஆச்சி பெரியவனைக் கூப்பிட்டார். தரையில் நான்குக்கு நான்காகப் பதினாறு கல்லை விரலால் வட்டமிட்டுக் காட்டி, இது ஒன்று என்றார். ஒரு கல்லில் கால் வைத்து, இது மாகாணி. இரண்டு கல் சேர்ந்தால் அரைக்கால். "கால் எது, காட்டு." பெரியவன் எட்டுக் கல்லைக் காட்டினான். ஆச்சி தவறு என்று சொல்லவில்லை, யோசித்துச் சொல் என்றும் சொல்லவில்லை. கையில் வெற்றிலை மடிப்பு அப்படியே நிற்க, கண்ணை மட்டும் மீதி எட்டுக் கல் மேல் வைத்தார். பெரியவனும் அங்கே பார்த்தான். "இல்லை, இது அரை" என்று அவனே சொல்லி, ஒரு வரிசை நான்கு கல்லில் ஏறி நின்றான். அப்போதுதான் வெற்றிலை வாய்க்குள் போனது. முக்கால் எது என்றார் அடுத்து. சாயங்காலத்துக்குள் இருவரும் முந்திரி வரை போய்விட்டார்கள். முந்திரி என்றால் ஒன்றை முந்நூற்று இருபதாகப் பகிர்ந்ததில் ஒரு பங்கு. அதற்கு வளவுத் தரை போதாமல் பெரியவன் பட்டாலை வரை எண்ணிக்கொண்டு போனான்.

பியாஜே பிறந்த அதே 1896-இல் பிறந்தவர் ருஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி. காசநோயில் முப்பத்தேழு வயதில் போய்விட்டார். குழந்தை தனியாக எதைச் செய்கிறது என்று மட்டும் அளக்காதீர்கள், தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் எதுவரை போகிறது என்று பாருங்கள் என்பது அவர் பேச்சு. தேர்வுக்காக அதை இரண்டு பக்கம் எழுதிப் பழகியிருந்தேன். உதவி என்றால் எடுத்துச் சொல்லிக் கொடுப்பது என்றே நினைத்திருந்தேன். வாயை மூடிக்கொண்டு, கண்ணைச் சரியான கல்லில் வைப்பதும் அதில் சேரும் என்று என் இரண்டு பக்கத்தில் இல்லை.

தை பிறந்து பதிவேட்டைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தின மத்தியானம், அத்தை உறங்கிக்கொண்டிருந்தார். வளவில் பேச்சுச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். சின்னவள் தூணோரம் மரப்பாச்சியை உட்கார வைத்து, எதிரே இரண்டு வரிசை புளியங்கொட்டை பரப்பியிருந்தாள். மடியில் என் பழைய நோட்டு, காதில் பென்சில்.

"இரண்டும் ஒன்றா?" என்றாள். தலையை ஆட்டிக்கொண்டாள். ஒரு வரிசையை இழுத்து நீட்டினாள். "இப்போது?" கொஞ்ச நேரம் பொறுத்தாள். பிறகு என் குரலில், என் இழுப்பில்: "நன்றாக யோசித்துச் சொல்."

மரப்பாச்சிக்காக அவளே கீச்சுக்குரலில் பதில் சொன்னாள்.

"அப்போதே சொன்னேனே."